ஏழு மணி தோசை

காலையில் வந்தால் என்ன?

இந்த யோசனை எனக்கு உதித்தது ஜெயங்கொண்டம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த ஒரு சின்ன ஓட்டலின் கை கழுவும் இடத்தில். அப்போது பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தேன். ஐப்பசி மாதம், வெளியே நச நசவென்று மழை. குழாயை மூடிவிட்டு நிமிர்ந்தால், தகரத் தடுப்புக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. அதன் வழியாகத் தோசைக்கல் தெரிந்தது. மாஸ்டர் கல்லிலிருந்து ஏழெட்டு பரோட்டாக்களை வாரி எடுத்தார். குவித்து வைத்து இரண்டு கையாலும் அடித்தார். கல்லில் தண்ணீரைத் தெளித்து, தேய்ந்துபோன துடைப்பத்தால் ஒரே ஒரு இழுப்பு இழுத்தார். பிறகு அதே கல்லில் ஒரு கரண்டி மாவை ஊற்றி வட்டமாகத் தேய்த்தார்.

அது என் தோசை.

கேட்காமல் ஒன்றும் நான் ஆர்டர் சொல்லவில்லை. உட்கார்ந்த உடனே சப்ளையரிடம் கேட்டிருந்தேன். "அண்ணே, தோச மாவுல மைதா ஏதும் கலப்பீங்களா?" அவர் அவமானப்பட்டதுபோல் பார்த்தார். "சேச்சே, வெறும் அரிசி உளுந்துதாம்மா." அவர் பொய் சொல்லவில்லை. மாவில் மைதா இல்லை. கல்லில் இருந்தது.

அந்த மாதத்தில் மூன்று முறை அங்கே சாப்பிட்டுவிட்டு மூன்று முறையும் வயிறு உப்பி, சுருண்டு படுத்திருந்தேன். மூன்று முறையும் "கண்டதத் தின்னுட்டு வந்திருக்கா" என்று வீட்டில் திட்டு. ஈரக் கையோடு மேசைக்கு ஓடினேன்.

"ஏய், பரோட்டா எத்தன மணிக்குடி போட ஆரம்பிப்பாங்க?"

"சாயங்காலம் நாலு மணிக்கு. ஏன், ஒனக்கு ரெண்டு சொல்லட்டுமா?" என்று சிரித்தாள் தா.பழூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வரும் என் தோழி.

"அப்ப காலைல வந்தா கல்லு சுத்தமா இருக்கும்ல? நாம ஏன் காலைல வரக் கூடாது?"

மற்ற இருவரும் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். ஒருத்தி மளிகைக்கடைக்காரர் மகள். இன்னொருத்தி எங்கள் வகுப்புத் தலைவி.

இதைப் படிக்கும் நீங்கள் என் வயதுக்காரர்கள். பிறந்தநாள் ட்ரீட் என்றால் என்னவென்று உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பள்ளி விட்டு, டவுன் பஸ் கிளம்புவதற்குள் கிடைக்கிற முக்கால் மணி நேரம்தான் எங்களுக்கு உலகம். ட்ரீட் கொடுப்பவள் முதல் வாயைப் பிய்த்து மற்றவர்கள் வாயில் ஊட்ட வேண்டும். வாயைத் திறக்காவிட்டால் சண்டை என்று அர்த்தம். அந்த முதல் வாய் எப்போதும் சால்னாவில் முக்கிய பரோட்டாதான். மூன்று பேரும் அதை ஊட்டிக்கொள்ளும்போது நான் தண்ணீர் தம்ளரை உருட்டிக்கொண்டிருப்பேன். இட்லி சாப்பிடலாமே என்பீர்கள். சாப்பிட்டேன். காய்ச்சல்காரி போல நான் மட்டும் இட்லித் தட்டோடு உட்கார்ந்தபோது, அடுத்த மேசைக்காரர் ஒருவர், "என்னம்மா, ஒடம்பு சரியில்லியா?" என்று கரிசனமாகக் கேட்டார். அந்தக் கரிசனத்துக்கு அவர் என்னை அடித்திருக்கலாம்.

நோய்க்குப் பெயர் சீலியாக். கோதுமையில் இருக்கும் ஒரு புரதம் கொஞ்சம் உள்ளே போனாலும் என் உடம்பு என் குடலையே தாக்கும். சாப்பிட்டது எதுவும் உடம்பில் ஒட்டாது. இது தெரிவதற்கு முன் பல வருடம் எனக்கு ரத்தசோகை மாத்திரை, பூச்சி மாத்திரை, மந்திரித்த கயிறு எல்லாம் கொடுத்துப் பார்த்தார்கள். பத்தாவது முடித்த கோடையில் திருச்சியில் ஒரு டாக்டர் குழாய் விட்டுப் பார்த்துக் கண்டுபிடித்தார். அதற்கு அவருக்கு நன்றி. ஆனால் அவர் கையில் கொடுத்தாரே ஒரு தாள், அதைப் பற்றிச் சொல்ல வேண்டும். எதைத் தொடக் கூடாது என்று ஆங்கிலத்தில் பட்டியல். ரொட்டி, பாஸ்தா, பீட்சா, கேக், பீர். பீர்! எனக்குப் பதினைந்து வயது. எங்கள் தெருவில் பாஸ்தா என்றால் பல் விளக்கும் பேஸ்ட்டா என்று கேட்பார்கள். அந்தத் தாள் யாருக்காகவோ எங்கேயோ எழுதப்பட்டது. அதில் ரவா இல்லை, சேமியா இல்லை, துடைப்பம் பட்ட தோசைக்கல் இல்லை. இன்னொன்றும் இல்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

ஊர் வாய் அதற்கு மேல். "கோதுமதான? சப்பாத்தி திங்காம இருந்தா போச்சு" என்றார் மாமா. "ரேஷன்ல ஊருக்கே கோதும போடறான். இவளுக்கு மட்டும் ஆவாதாம். பணக்கார வியாதி" என்றார் அத்தை, நாங்கள் என்னவோ வியாதியைக் கடையில் தேர்ந்தெடுத்து வாங்கியதுபோல. உயிரியல் ஆசிரியர் வகுப்பு நடுவே, "நீ பஞ்சாப்ல பொறந்திருந்தா பட்டினிலயே போயிருப்பே" என்றார். ஐம்பது பேர் சிரித்தார்கள். செரிமான மண்டலத்தைப் பாடமாக நடத்திக்கொண்டிருந்தவர் அவர். எனக்கு இப்போதும் அந்தச் சிரிப்பைவிட அதுதான் எரிகிறது.

சரி, காலைக்கு வருகிறேன். சனிக்கிழமைகளில் எங்களுக்குச் சிறப்பு வகுப்பு உண்டு. எட்டரைக்கு ஆரம்பம். ஏழு மணிக்கு ஓட்டலில் இருந்தால் நேரம் இருக்கிறது. தோழிகள் முனகினார்கள். "ஏழு மணிக்கு ட்ரீட்டா? எங்க வூட்டு ஆடே அப்பதான்டி எந்திரிக்கும்" என்றாள் பழூர்க்காரி. அவள் அதற்கு ஐந்தே முக்கால் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். ஆனால் வந்தாள். முந்திரித் தோப்புப் பனியில் நனைந்த தலையோடு, கொட்டாவியோடு, முதல் ஆளாக.

நான் நேராக அடுப்படிக்குப் போனேன். மாஸ்டர் கல்லைச் சூடு பண்ணிக்கொண்டிருந்தார்.

"மாஸ்டர், இன்னிக்கு இந்தக் கல்லுல பரோட்டா போட்டீங்களா?"

"காலைல எவன் பாப்பா பரோட்டா கேக்கறான்? நைட்டே கல்ல வெளக்கித் தேங்கா நாரு போட்டுத் தேச்சு வச்சாச்சு."

"ரவா தோச?"

"எட்டு மணிக்கு மேலதான். நீ என்னா, சாப்பாட்டு ஆபீசரா?"

"எனக்குக் கோதுமை ஆவாது மாஸ்டர். பட்டா ஒரு வாரம் படுத்துருவேன்."

அவர் கரண்டியைத் திரும்பக் கழுவினார். இதுவரை என்னிடம் காரணம், ஆதாரம், டாக்டர் சீட்டு எதையும் கேட்காமல் நம்பிய முதல் பெரிய மனிதர் அவர்தான். மேசையில் நான்கு தோசை வந்தன. சிவந்து, ஓரம் முறுகி, நடுவில் பஞ்சுபோல. மளிகைக்கடைக்காரி தன் தோசையில் முதல் வாயைப் பிய்த்து, சாம்பாரில் தொட்டு, என் வாய்க்கு நேராக நீட்டினாள். வாயைத் திறந்தேன். அன்றைக்கு எனக்குப் பிறந்தநாள் இல்லை, அவளுக்கும் இல்லை. இருந்தாலும் எல்லாரும் கை தட்டினோம். கல்லாவிலிருந்து ஓட்டல்காரர் எட்டிப் பார்த்தார்.

அப்படியே எட்டு சனிக்கிழமை. வயிறு பெரிதாகப் படுத்தவில்லை. உப்பல் குறைந்தது. ஆனால் களைப்பு போகவில்லை, வாய்ப்புண் ஆறவில்லை. குளிர்காலம், பரீட்சை என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

தை பிறந்ததும் திருச்சியில் ரத்தப் பரிசோதனை. கோதுமை உள்ளே போகிறதா என்று காட்டிக்கொடுக்கும் எண் இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை. டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு என்னை விட்டுவிட்டு அப்பாவிடம் பேசினார்.

"வீட்ல கரெக்டா இருக்கீங்கன்னு சொல்றீங்க. அப்ப வெளியதான். இந்த வயசுப் பிள்ளைங்க ஃப்ரெண்ட்ஸோட போயி மறைச்சுச் சாப்பிடும். நாங்க பாக்காததா?"

"டாக்டர், நான் காலைல தோசை மட்டும்தான் சாப்பிடறேன். மாஸ்டர்கிட்ட கேட்டுட்டுதான்..."

"மாஸ்டர்கிட்ட கேட்டியா!" என்று சிரித்தார். அறையில் இருந்த நர்ஸும் சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது சிரிப்பைவிட மோசம்.

அரியலூரில் இறங்கி அடுத்த பஸ்ஸுக்கு நிற்கும்போது அப்பா சொன்னார்: "இனிமே ஓட்டலு கிடையாது. அந்தப் புள்ளைங்களோட சுத்தறதும் கிடையாது. ஸ்கூலு விட்டா வூடு."

"நான் பொய் சொல்லலப்பா."

"எண்ணு பொய் சொல்லுதா?"

நான் பரோட்டாவைத் தொடவில்லை. எண்ணும் பொய் சொல்லாது. அப்படியென்றால் எங்கிருந்தோ எனக்குள் கோதுமை போய்க்கொண்டிருக்கிறது. எங்கிருந்து? அன்று இரவு முழுவதும் யோசித்து நான் கண்டுபிடித்த குற்றவாளியை நினைத்தால் இன்றைக்கும் கன்னம் சுடுகிறது.

மளிகைக்கடைக்காரி தினமும் தன் கடையிலிருந்து எனக்கு வறுத்த வேர்க்கடலை கொண்டு வருவாள். "இதுல கோதும கெடையாது, தின்னு." மறுநாள் இடைவேளையில் அவள் பொட்டலத்தை நீட்டியதும் தட்டிவிட்டேன்.

"ஒங்க கடைல மைதா அள்ற அதே கரண்டியாலதான கடலையும் அள்றீங்க? என்னைய ஏமாத்திட்டியே. ஒன்னாலதான் எங்கப்பா என்னைய நம்பல."

கடலை வராந்தா முழுக்க உருண்டது. அவள் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். "கடலைக்குத் தனி டப்பா, தனி கரண்டிடி. ஒனக்காகத்தான் எங்கப்பாகிட்ட சண்டபோட்டு வச்சேன்" என்றாள். அதற்குப் பிறகு பேசவில்லை. பெஞ்சு மாறி உட்கார்ந்தாள். அப்பா என்னைக் கேட்காமல் தீர்ப்புச் சொன்னார் என்று குமுறிக்கொண்டிருந்த நான், அதே வேலையை அதே வாரத்தில் செய்திருந்தேன்.

ஒன்பதாவது நாள் காலை, வழிபாட்டுக் கூட்டத்துக்கு முன்னால், அவள் என் எதிரில் வந்து நின்றாள். கையில் மளிகைச் சிட்டை எழுதும் நீளத் தாள்கள் ஒரு கத்தை. கடையில் இருந்த ஒவ்வொரு பொட்டலத்தையும் டப்பாவையும் திருப்பி, பின்னால் பொடி எழுத்தில் அச்சடித்திருந்ததை எல்லாம் எழுதியிருந்தாள். மிளகாய்த்தூள், மல்லித்தூள், சோயா சாஸ், ஊறுகாய், அப்பளம். அவள் கடை எனக்கு விஷம் வைக்கவில்லை என்று நிரூபிக்க. கடைசியில் பையிலிருந்து ஒரு சின்ன மஞ்சள் டப்பாவை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். பெருங்காயம்.

"பின்னாடி படி."

படித்தேன். பிசின். மைதா. அதற்குப் பிறகுதான் பெருங்காயம். பொடியாக விற்பதில் பாதிக்கு மேல் மாவுதான், சில கம்பெனி அரிசி மாவு போடுகிறார்கள், பலர் கோதுமை மாவு என்று அவள் அப்பா சொன்னாராம். வருடக்கணக்காக விற்றுக்கொண்டிருந்தவரே அன்றைக்குத்தான் திருப்பிப் பார்த்தாராம்.

"ஒங்க வூட்டுல எங்க கடைப் பெருங்காயம்தான?"

"ம்."

"சாம்பார்ல போடுவாங்களா?"

"ம்."

"ரசம்?"

"மோர்லயும்."

"அப்பறம் என்னடி," என்று அவள் வெடித்தாள். "மூணு வேளையும் ஒங்க அம்மா கையாலயே மைதாவ ஊத்திக்கிட்டு, என் கடலையத் தட்டிவுட்ட!"

அழுதேன். அவளும் அழுதாள். வகுப்புத் தலைவி நடுவில் நின்று, "ரெண்டு பேரும் அழுது முடிச்சுட்டு வரிசைல நில்லுங்க, ஹெச்எம் வராங்க" என்றாள்.

யோசித்துப் பாருங்கள். "வயிறு சரியில்லாத புள்ள" என்று அம்மா எனக்கு மட்டும் ரசத்தில் ஒரு சிட்டிகை கூடுதலாகப் போட்டுக்கொண்டிருந்தார். பெருங்காயம் வயிற்றுக்கு நல்லது என்று நம் எல்லா வீட்டிலும் நம்புகிறோம். வெளியே சாப்பிட்டதற்காக என்னைக் குற்றவாளி ஆக்கினார்கள். வாரத்துக்கு ஒரு தோசை, அதுவும் கல்லைப் பார்த்து. உள்ளே தினமும் மூன்று வேளை. இது அந்த ஆங்கிலத் தாளில் இல்லை. இங்கே ரசம் இல்லாமல் சோறு இறங்காது என்பது டாக்டருக்குத் தெரியாதா? அவரும் வீட்டுக்குப் போய் ரசம்தானே ஊற்றிக்கொண்டிருப்பார்?

வீட்டில் டப்பாவை அப்பா முன்னால் வைத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார். அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார்.

"கம்பெனிக்காரன் பண்ணதுக்கு நான் என்ன பண்ணுவேன்?" என்றார் அப்பா.

"என்னைய நம்பியிருக்கலாம்."

அடுத்த சனிக்கிழமை ஆறரைக்கு, நான் கேட்காமலே அப்பா வண்டியை எடுத்து வந்து வாசலில் நிறுத்தினார். ஓட்டலில் இறக்கிவிட்டு, தூரத்து மேசையில் தனியாக உட்கார்ந்து, எங்களைப் பார்க்காத மாதிரி டீ குடித்தார். அதை மன்னிப்பு என்று அம்மா சொன்னார். நான் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. "தப்புதாம்மா" என்பது ஒரே ஒரு சொல். ஒரு டீ குடிக்கும் நேரம்கூட ஆகாது.

பெருங்காயத்தை நிறுத்தினோம். ஓட்டலில் சாம்பாரை விட்டுவிட்டேன். சட்னிக்கு மாஸ்டர் பெருங்காயம் போடுவதில்லை, டப்பாவை எடுத்துக் காட்டிக் கேட்டேன். சனிக்கிழமைகள் நிற்கவில்லை. வாய்ப்புண் ஆறியது. மாடிப்படியில் மூச்சு வாங்கவில்லை. கோடையில் மறுபடி திருச்சி. எண் சரசரவென்று இறங்கியிருந்தது. டாக்டர் முகம் மலர்ந்தது.

"பாத்தியா? வெளியில சாப்பிடறத நிறுத்துன ஒடனே கொறஞ்சிடுச்சு."

"நிறுத்தல டாக்டர். வாராவாரம் போனேன். வூட்டுப் பெருங்காயத்ததான் நிறுத்தினோம்."

அவர் அப்பாவைப் பார்த்துக் கண் சிமிட்டினார். பிள்ளைகள் இப்படித்தான் எதையாவது சொல்லும் என்பதுபோல. இந்த முறை அப்பா தரையைப் பார்க்கவில்லை. "அது உண்மைதாங்க" என்றார். டாக்டர் "ஓகே ஓகே" என்றபடி அடுத்த நோயாளிக்கு மணியடித்தார். போகும்போது நர்ஸ் எங்கள் கையில் ஒரு தாளைக் கொடுத்தார். அதே தாள். பீர் குடிக்கக் கூடாது.

இப்போது நான் பெரம்பலூரில் கல்லூரி இரண்டாம் ஆண்டு. மளிகைக்கடைக்காரி எழுதிய அந்தச் சிட்டைத் தாள்களை விடுதி மாறும்போது எங்கோ தொலைத்துவிட்டேன். அதற்காக அவள் இன்னும் திட்டுகிறாள். அந்த ஓட்டலும் கைமாறி செல்போன் கடை ஆகிவிட்டது, மாஸ்டர் எங்கே போனார் என்று யாருக்கும் தெரியவில்லை. ஆனால் கேட்கும் பழக்கம் போகவில்லை. பெரம்பலூரில் எந்தக் கடையில் காலையில் போனால் பிழைக்கலாம், எந்தக் கடையில் முறுகல் வருவதற்காக மாவில் ஒரு பிடி மைதா போடுகிறார்கள் என்று எனக்குத் தெரியும். உங்களில் யாருக்காவது, உங்கள் தங்கைக்காவது இந்த நோய் இருந்தால், என்னைக் கேளுங்கள். அந்தத் தாளைக் கேட்காதீர்கள்.

பழூர்க்காரிக்குக் கல்யாணம். எங்கள் நாலு பேரில் முதல் கல்யாணம். பத்திரிகை கொடுக்க வந்தவள், "நீ வந்து ஒரு ஓரமா வாழப்பழம் உரிச்சுக்கிட்டு ஒக்காந்தினா தாலி கட்டும்போதே எந்திரிச்சு வந்து அடிப்பேன்" என்றாள். சமையல்காரர் உடையார்பாளையம் பக்கம். போனில் விஷயத்தைச் சொன்னதும் அவர் சொன்ன பதில்: "நானூறு பேருக்குப் பெருங்காயம் இல்லாம சாம்பாரா? என் தொழிலயே கெடுக்கப் பாக்குறீங்களாம்மா?"

இல்லாமல் வேண்டாம் ஐயா. அரிசி மாவு கலந்தது இருக்கிறது. மளிகைச் சாமான் எங்கள் தோழி கடையிலிருந்துதான் இறங்கப் போகிறது, அவளே பார்த்துப் பார்த்துக் கட்டிக் கொடுப்பாள். பாயசத்தில் சேமியாவுக்குப் பதிலாக ஜவ்வரிசி போடுங்கள். சோற்றுக் கரண்டியைக் கேசரிக்குள் விடாமல் இருந்தால் போதும். முதல் பந்தியிலேயே எங்களை உட்கார வையுங்கள். இவ்வளவுதான். இதற்கு யாருடைய தொழிலும் கெடாது.

இதைப் போனில் பேசித் தீர்க்க முடியாது என்று தெரிந்துவிட்டது. அதனால் வரும் ஞாயிற்றுக்கிழமை நானும் மளிகைக்கடைக்காரியும் அவர் வீட்டுக்கே போகிறோம். முதல் கேள்வியை நான் மரியாதையாகக் கேட்பேன். இரண்டாவது கேள்வியில் அவருக்குக் கோபம் வந்துவிடும். மூன்றாவதிலிருந்து அவள் பார்த்துக்கொள்வாள்.